சும்மா விட்ட வரிசை

பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதுதான் அந்தச் சீக்கில் இருக்கிற ஒரே நல்ல குணம். பிடுங்கிய பிறகு செடி இருக்காது என்பது வேறு விஷயம். மேலே பார்த்தால் தக்காளிச் செடி லேசாக வாடியிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் விடுவார்கள். சாயங்காலம் நிமிர்ந்து நிற்கும். மறுநாள் வெயில் ஏறியதும் மறுபடி தலையைத் தொங்கப் போடும். இப்படியே ஏமாற்றி ஏமாற்றி, பூ விட்டு, காய் கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். அப்போது வெறுத்துப்போய் ஒன்றைப் பிடுங்கினால், வேர் முழுக்க இஞ்சியைக் கோத்து வைத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் புகுந்து குடித்தனம் நடத்துகிற அடையாளம் அது.

போன போகமும் அப்படித்தான் போனது. அதற்கு முந்தியதும் அப்படித்தான். இந்தத் தடவையும் கையில் ஒரு வேரைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் வந்தபோது, புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சாப்பிடற எடத்துக்கு அதைக் கொண்டு வராதே," என்றான்.

"பாருங்க. பாத்துட்டுச் சாப்பிடுங்க."

"பாத்ததுதானே. புதுசா என்ன? கல்லுக்காரர் கேட்டப்பவே குடுத்திருந்தா இந்நேரம் நிம்மதியா இருந்திருக்கலாம்."

கல்லுக்காரர் என்பவர் பக்கத்து மனையில் சிமெண்ட் கல் அறுத்து விற்கிறவர். கல்லைக் காயப்போட இடம் போதவில்லை. இவர்கள் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால், மட்டம் தட்டி, சிமெண்ட் பால் ஊற்றி, களமாக்கிக்கொள்வார். ஒரு தடவை சிமெண்ட் பால் இறங்கிய மண்ணில் பிறகு எதுவும் முளைக்காது. அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அவள் புருஷனுக்கும் அது பொருட்டாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கல்லுக்காரரிடம் லாரி ஓட்டுகிற வேலையும் சேர்த்துப் பேசியிருந்தான்.

அவளுக்கு வீட்டில் சட்டாம்பிள்ளை என்று பெயர். எது எங்கே இருக்க வேண்டும், யார் எதைத் தொடக்கூடாது என்று எப்போதும் ஒரு உத்தரவு அவள் வாயில் இருக்கும். அந்தப் பெயரை வைத்தவள் நாத்தனார். வெளிநாட்டில் வேலை பார்க்கிற புருஷன் கூப்பிட்டுக்கொள்கிற வரைக்கும் என்று வந்தவள், ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு இங்கேயே ஒட்டிக்கொண்டாள். மாமனார் ஒருத்தர். காது கொஞ்சம் மந்தம். வேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கும். இந்த நான்கு பேருக்கும் சோறு போட்டது அந்தத் தோட்டம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் முதுகு வளைந்தது அதில்தான். அதைக் களமாக்கி அதன்மேல் கல் அடுக்குவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஒரு போகம் குடுங்க," என்றாள். "உப்பு போட்டுப் பாக்கறேன்."

"எந்த உப்பு?"

"உர உப்புதான். ஆபீஸ்ல அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

வேளாண்மை ஆபீசில் புதிதாக வந்திருந்த அந்தப் பெண், இவள் கொண்டுபோய்க் காட்டிய வேரை வெட்டிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, இவளையும் பார்க்கச் சொன்னாள். "இந்தப் புழுவுக்குக் கண்ணு கெடையாதுக்கா. வேரோட வாசனையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருது. வேரைச் சுத்தி அமோனியா உப்பு இருந்தா கிட்ட வராம வெலகிப் போகுது. நான் தொட்டியில வெச்சுப் பாத்தேன், நல்லா வந்துச்சு. ஆனா தோட்டத்துல வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கூடிப்போச்சுன்னா செடியே கருகிடும், அதை மட்டும் மறக்காதீங்க," என்றாள். அமோனியம் சல்பேட் என்று கேட்டால் எந்த உரக்கடையிலும் கொடுப்பார்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளி, செடியைச் சுற்றி ஊற்ற வேண்டும்.

புருஷன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "உரத்தைப் பாத்து ஓடற புழுவா? நாம இத்தனை வருஷமா உரம் போடாமயா இருந்தோம்?"

"மொத்தமா அள்ளிப் போட்டோம். கரைச்சு, நேரம் பாத்து, வேரு எளசா இருக்கறப்பவே ஊத்தினோமா?"

"சரி, ஊத்து. செடி நல்லா வந்துச்சுன்னு வெச்சுக்க. உப்புனாலதான் வந்துச்சுன்னு நான் எப்படி நம்பறது? நீ பாட்டுக்கு மழைனால வந்ததையும் உப்பு கணக்குல எழுதிடுவே." கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "ஒண்ணு பண்ணு. எல்லா வரிசைக்கும் உப்பு ஊத்து. ஒரே ஒரு வரிசையை மட்டும் சும்மா விடு. கடைசில ரெண்டையும் பிடுங்கிப் பாப்போம். வித்தியாசம் தெரிஞ்சா தோட்டம். தெரியலேன்னா களம். அப்பறம் மூக்கைச் சிந்தக் கூடாது."

"நான் எதுக்குச் சிந்தறேன்?" என்றாள் சட்டாம்பிள்ளை. அந்த ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நியாயமான பேச்சை இந்த மனுஷன் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று!

குழாயடியிலிருந்து ஆரம்பிக்கிற முதல் வரிசையை அவளே தேர்ந்தெடுத்தாள். வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும், யாரும் தில்லுமுல்லு பண்ண முடியாது என்று நினைத்தாள். வரிசையின் தலைமாட்டில் ஒரு குச்சி நட்டு, நாத்தனாரிடம் வாங்கிய சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டினாள். மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, "இந்த வரிசைக்குத் தண்ணி மட்டும்தான். வேற எதுவும் கெடையாது. சாம்பல், எரு, உப்பு, எதுவும். யாரும் கை வைக்கக் கூடாது," என்றாள்.

"அது மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார் மாமனார். இது அவருக்குக் காது கேட்டுவிட்டது.

"ஒரு பாவமும் பண்ணல மாமா. அது சாட்சி."

"சாட்சின்னா சோறு போடாம வெச்சிருப்பாங்களா?"

நாற்று நட்டு, வேர் பிடித்ததும் வேலை ஆரம்பித்தது. வாளியில் உப்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குச்சியால் கலக்குவாள். வாளி சில்லென்று ஆகிவிடும். லேசாக ஒரு நெடி எழும்பி மூக்கைப் பிடிக்கும். சொம்பால் மொண்டு, குனிந்து, ஒரு சாண் தள்ளி, சுற்றி ஊற்றி, அடுத்த செடிக்கு நகர வேண்டும். நிமிர்ந்தால் இடுப்பு கேட்காது என்று வரிசை முடிகிற வரைக்கும் நிமிராமலே போவாள். கையில் எங்காவது சிராய்ப்பு இருந்தால் உப்பு அதைக் கண்டுபிடித்துவிடும். முடிந்ததும் குழாயடிக்கு வந்து, வாளியையும் சொம்பையும் அலசிக் கவிழ்த்துவிட்டு, பிறகுதான் முகம் கழுவுவாள். சாமான் சுத்தமாக இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

புருஷன் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பான். "புழு எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டுக் கெளம்பிடுச்சா?" என்பான்.

"சும்மா நிக்கறதுக்கு ஒரு வாளி தூக்கலாம்."

"நான் எதிர்க்கட்சி. நான் தூக்கினா கட்சி மாறின மாதிரி ஆயிடும்."

கொஞ்ச நாளில் சும்மா விட்ட வரிசை வாட ஆரம்பித்தது. குழாய்ப் பக்கம் இருந்த செடிதான் முதலில் சோர்ந்தது. பிறகு அதற்கடுத்தது. அப்புறம் வாய்க்கால் இறங்குகிற திசையிலேயே ஒவ்வொன்றாக. உச்சி வெயிலில் மற்ற வரிசைகள் எல்லாம் விரைப்பாக நிற்க, இது மட்டும் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி தலை குனிந்து நிற்கும். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். செடி சாவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான்.

வீட்டில் மற்றவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணி, மெஷின்லேர்ந்து தலையை நிமித்தினா அதுதான் கண்ணுல படுது," என்றாள் நாத்தனார். "மத்ததுக்கெல்லாம் ஊத்தறீங்க, அது என்னையே பாக்கற மாதிரி இருக்கு."

"அப்ப மெஷினைத் திருப்பிப் போட்டுக்க."

"உங்களுக்கு மனசு கல்லு."

"கல்லுக்காரருக்குத் தோட்டம் போகாம இருக்கணும்னா எனக்கு மனசு கல்லா இருக்கட்டும்."

மாமனார் காலையில் பல் விளக்கிக்கொண்டே அந்த வரிசையின் பக்கத்தில் நின்று ஏதோ முணுமுணுப்பார். புருஷன்கூட ஒரு நாள், "செத்துத் தொலைஞ்சிடும் போலிருக்கே," என்றான். குரலில் கேலி இல்லை.

"சாகட்டும். அதுதானே நீங்க வெச்ச பந்தயம்."

"ம்," என்று போய்விட்டான்.

மற்ற வரிசைகளில் காய் பிடித்துப் பழுக்க ஆரம்பித்தது. மூன்று போகமாக அவள் பார்க்காத காய். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பறிக்கும்போது அவளை அறியாமல் ஏதோ முனகிப் பாடினாள். சும்மா விட்ட வரிசையில் இலை ஓரமெல்லாம் கருகி, தீய்ந்த காகிதம் மாதிரி சுருண்டுவிட்டது. பந்தயத்தை ஜெயித்தாயிற்று என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

பிடுங்கிப் பார்க்கிற நாளுக்குக் கல்லுக்காரரையும் புருஷன் கூப்பிட்டிருந்தான். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து, தோட்டத்தை ஒரு பார்வை பார்த்து, காலால் மண்ணைத் தட்டி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று அளந்துகொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மொதல்ல உப்பு போட்டதைப் பிடுங்குங்க," என்றாள்.

புருஷன் நடு வரிசையில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். காயோடு பிடுங்க மனசில்லாமல், பறித்து முடித்த செடியாகப் பார்த்து எடுத்தான். மண்ணை உதறினார்கள். வேர் வெளுப்பாக, அடர்த்தியாக இருந்தது. அங்கங்கே கடுகு அளவு முடிச்சுகள். முன்னே பார்த்த இஞ்சிக்கு இது எவ்வளவோ மேல்.

"இப்ப அதைப் பிடுங்குங்க," என்றாள்.

காய்ந்த செடி இழுத்ததும் வந்துவிட்டது. புருஷன் உதறினான். பார்த்தான். மறுபடி உதறினான். இன்னொன்றைப் பிடுங்கினான். கடைசிப் பக்கம் போய் மூன்றாவதையும் பிடுங்கினான்.

"முடிச்சே இல்லையே," என்றான்.

அவள் வாங்கிப் பார்த்தாள். வேர் கறுத்து, மெலிந்து, நுனியெல்லாம் பொசுங்கியிருந்தது. ஆனால் முடிச்சு ஒன்றுகூட இல்லை. துடைத்து எடுத்த மாதிரி இருந்தது.

கல்லுக்காரர் எட்டிப் பார்த்தார். "உப்பு போட்டதுல முடிச்சு இருக்கு. போடாததுல இல்ல. அப்ப இந்த உப்புதான் புழுவைக் கூப்பிட்டு விருந்து வெச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள். அப்படி அவரிடம் அவள் பேசினதே இல்லை.

குனிந்து அந்த வரிசையின் மண்ணைப் பார்த்தாள். மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். கரித்தது. கசந்தது. துப்பினாள்.

"யாரு?" என்றாள்.

மாமனார் காது கேட்காதவராகி வேலியைப் பார்த்தார்.

"யாரு இதுக்கு உப்பு போட்டது?"

முதலில் உடைந்தது நாத்தனார். "ஒரு நாள்தான் அண்ணி. ரெண்டு நாள். நீங்க கடைக்குப் போனப்ப. ஒரே ஒரு சொம்பு கரைச்சு..."

"கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"கண்ணு முன்னாடி சாகுது அண்ணி! நான் என்ன பண்றது? தண்ணி கேட்ட மாதிரி இருந்துச்சு."

"செடி கேட்டுச்சா? உங்கிட்ட வந்து கேட்டுச்சா?" அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா?"

"என்னம்மா?"

"நல்லாக் கேக்குதுல்ல?"

"நான் கொஞ்சமாத்தான் தூவினேன்," என்றார் அவர். "காலைல. பல் விளக்க வர்றப்ப. ஒரு சிட்டிகை. தெனம் இல்ல." பிறகு யோசித்து, "அநேகமாத் தெனம்," என்றார்.

ஒரு போகம் முழுக்கக் குனிந்த இடுப்பு, எரிந்த கை, எல்லாம் இந்த வீட்டு மனிதர்களின் இரக்கத்தில் கரைந்துவிட்டது. கெட்டவர்களாக இருந்தாலாவது சண்டை போடலாம். இவர்களை என்ன செய்வது?

"ஒரு வரிசை!" என்றாள். "ஒரே ஒரு வரிசையைச் சும்மா விட முடியலையா உங்களால? மத்த எந்த வேலை சொன்னாலும் சும்மாதானே இருப்பீங்க! தண்ணி எடுத்துக் குடுக்கச் சொன்னா சும்மா, கூடை தூக்கச் சொன்னா சும்மா. சும்மா இருங்கன்னு சொன்ன எடத்துல மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு இத்தனை சுறுசுறுப்பு?"

கல்லுக்காரர் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார். புருஷன் தொண்டையைச் செருமினான். "சரி விடு. ஆனது ஆச்சு. சாட்சி கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். நாம பேசினது, வித்தியாசம் தெரிஞ்சா தோட்டம்னு. தெரியல. அதனால..."

அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். பதினெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தப் பார்க்காமல் பேசுவது என்னவென்று தெரியாதா?

"நீங்களும் போட்டீங்களா?"

"நானா? நான் எதிர்க்கட்சி."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் கையிலிருந்த செடியைப் பார்த்தான். "சாயந்திரம் மோட்டார் நிறுத்த வர்றப்ப..." என்று ஆரம்பித்தான். "ஒரு கை அள்ளி, வாய்க்கால்ல. ரெண்டு மூணு தரம். அட, நாமளே நட்ட செடி இப்படி நிக்குதேன்னு..."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் நிமிர்ந்து நின்றார். தன் தப்பு சின்னதாகிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"பந்தயம் வெச்சது நீங்க," என்றாள் அவள், நிறுத்தி நிறுத்தி. "சும்மா விடுன்னு சொன்னது நீங்க. உப்பைக் கண்டு புழு ஓடுமான்னு சிரிச்சது நீங்க."

"ஆமா."

"நம்பாமயா போட்டீங்க?"

அவன் கையிலிருந்த செடியைக் கீழே போட்டான்.

"சொல்லுங்க. உப்புல ஒண்ணும் இல்லேன்னா, செடியைக் காப்பாத்த எதுக்கு அதைப் போய் அள்ளினீங்க? மருந்துக் கடைக்குப் போயிருக்கலாம். மண்ணை அணைச்சு விட்டிருக்கலாம். ஏன் உப்பு?"

பக்கத்து மனையில் கல் அறுக்கிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"கேக்கறாங்கல்ல, பதில் சொல்லுங்க," என்றார் கல்லுக்காரர். அவர் சிரிக்கவில்லை. எரிச்சலாக இருந்தார். தன் களம் கைவிட்டுப் போவது அவருக்குத் தெரிந்துவிட்டது.

புருஷன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இன்னும் ஒரு போகம் பாக்கறோம்ணே," என்றான் அவரிடம். "கோவிச்சுக்காதீங்க."

"லாரி?"

"வேற ஆள் பாத்துக்கங்க."

அவர் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு போனார். போகிற வழியில் ஒரு பழத்தைப் பறித்துத் துடைத்துக் கடித்தார். அதைக்கூட அவள் தட்டிக் கேட்கவில்லை.

தோட்டம் நின்றது. ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஜெயித்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம். இது ஜெயம் இல்லை. உப்பு வேலை செய்ததா, மழை வேலை செய்ததா, அடுத்த போகத்தில் மறுபடி இஞ்சி காய்க்குமா, ஒன்றும் தெரியாது. ஆபீஸ் பெண் வந்து கேட்டால் என்ன சொல்வாள்? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல மனசு, அதனால் ஒன்றும் தெரியவில்லை என்றா?

"அடுத்த தடவையும் ஒரு வரிசை சும்மா விடறேன்," என்றாள், விரலை நீட்டி. "இந்தத் தடவை யாராவது கை வெச்சீங்க, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் நீங்களும் உங்க இரக்கமும் சமைச்சுச் சாப்பிடுங்க."

மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

மற்ற வரிசைகளுக்கு அன்றைக்கு உப்பு ஊற்றுகிற முறை. இவ்வளவு ரகளைக்குப் பிறகும் வேலை வேலைதானே. கோபத்தோடே கரைத்து, கோபத்தோடே குனிந்து, ஊற்றி முடித்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். அடியில் எப்போதும்போல கரையாத உப்பு ஒரு படலமாகத் தங்கியிருந்தது. தண்ணீரைப் பிடித்தாள், கையால் வழித்துக் கலக்கினாள். நல்ல உப்பு, வீணாகப் போகக்கூடாது. வலது பக்கமாகச் சாய்த்தாள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, சிவப்புத் துணி கட்டிய குச்சியைச் சுற்றிக்கொண்டு, செத்துப்போன முதல் செடியின் காலடிக்குப் போய், அதற்கடுத்ததற்கு நகர்ந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒவ்வொரு தடவையும் இங்கேதான். ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கம்தான். அவர்கள் ஒரு சிட்டிகை, ஒரு சொம்பு, ஒரு கை. இவள் நட்ட நாளிலிருந்து, முறை தவறாமல், அடியில் தங்கிய கெட்டி உப்பையெல்லாம் அலசி அலசி ஊற்றியிருக்கிறாள். இரக்கம்கூட இல்லை. சுத்தமும் சிக்கனமும். குழாய்ப் பக்கத்துச் செடிதான் முதலில் கருகியது என்று பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் இவள்தான்.

வாளி கையிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் உருண்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டுப் புருஷன் வந்தான். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிவப்புத் துணிக் குச்சியைப் பிடுங்கி எடுத்தாள். "அடுத்த தடவை சும்மா விடற வரிசை இங்க வேண்டாம். அந்தக் கோடில இருக்கட்டும். வேலியோரமா."

"ஏன்? இங்கதானே எல்லாருக்கும் தெரியும்னு சொன்னே?"

"ஏன்னு கேக்காதீங்க."

அவன் அவளைப் பார்த்தான். உருண்டு கிடந்த வாளியைப் பார்த்தான். குழாயடியிலிருந்து கிளம்பி, வரிசையின் பாதி வரைக்கும் பளபளத்துக்கொண்டு போகிற தண்ணீரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. அவளுடைய கண்ணைப் பார்த்ததும் அதைப் பாதியிலேயே விழுங்கிவிட்டான்.

"சரி, சட்டாம்பிள்ளை," என்று சொல்லி, குனிந்து வாளியை எடுத்து, தானே அலசி, இடது பக்கமாகக் கவிழ்த்தான்.